பந்தியில் பக்கத்து ஆள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கூட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம், மார்கழியில் சுசீந்திரம் தேர். கார்த்திகையில் சாமித்தோப்பில் ஏடு வாசிப்பு நடக்கும்போதே கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் ஆள் திரளும். ரஜப் மாதம் தக்கலையில் பீர்முகம்மது அப்பா ஆண்டுவிழா. விளவங்கோட்டுப் பக்கம் போனால் ஓணப் போட்டிகள். இவற்றுக்கு நடுவே கலியாணம், காதுகுத்து, பால்காய்ச்சு, பதினாறு அடியந்திரம் என்று வீட்டு விசேஷங்கள் வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இங்கே ஏறத்தாழ 18.7 லட்சம் பேர். அவர்களில் இந்துக்கள் 48.7 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47, இஸ்லாமியர் 4.2. தமிழகத்தில் இரண்டு பெரிய மதத்தார் இவ்வளவு சரிக்குச் சரியாக வாழும் மாவட்டம் வேறில்லை.

ஆகவே மனிதர்களை நெருக்கமாக்கும் கூடுகை எது, வெறும் ஆள்கூட்டம் எது என்ற கேள்வியை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. உலகமும் இப்போது இதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார் என்றது. விருந்துகளை எப்படி அமைக்க வேண்டும், கூட்டங்களை எப்படி நடத்த வேண்டும் என்று மேல்நாட்டில் புத்தகங்கள் வருகின்றன. ப்ரியா பார்க்கர் 2018இல் எழுதியது அவற்றில் நன்கு அறியப்பட்டது. கூட்டத்தை அழைப்பவர் "வந்தவர்கள் விருப்பப்படி இருக்கட்டும்" என்று ஒதுங்கி நிற்பது உபசாரம் ஆகாது, அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்கிறார் அவர். நம் ஊர்க் காரியக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பந்தி விசாரிக்க ஆள் இல்லாத விருந்தை விருந்து என்றே அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

முதலில் பெருங்கூட்டத்தைப் பார்த்துவிடலாம். சிவாலய ஓட்டத்தில் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறியோடு, கோவிந்தா கோபாலா என்று கூவிக்கொண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிறார்கள். எமில் துர்கைம் 1912இல் எழுதிய நூலில், பலர் ஒன்றாகக் கூடி ஒரே செயலைச் செய்யும்போது தனிமனிதன் தன்னை மறக்கும் அந்தக் கொந்தளிப்பைத்தான் மத வாழ்வின் ஊற்றாகச் சொன்னார். ஓட்டக்காரர்களிடம் அது இருக்கிறது. ஆனால் கூட ஓடியவரின் பெயர் என்ன, ஊர் எது என்று திருநட்டாலத்தில் கேட்டுப்பாருங்கள், பலருக்கும் தெரியாது. வழியில் மோரும் பானகமும் கஞ்சியும் வைத்து ஓட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் ஊர்க்காரர்களின் கதை வேறு. முந்தின நாளே சேர்ந்து அடுப்பு மூட்டிய அவர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள். கொந்தளிப்பு ஓடுகிறவர்களுக்கு, நெருக்கம் பரிமாறுகிறவர்களுக்கு என்று அங்கே பங்கு பிரிந்திருக்கிறது.

இந்த மாவட்டத்தின் பழைய கூடுகைகளை அடுக்கிப் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் முடிவு இதுதான்: நெருக்கம் நல்ல எண்ணத்தால் வருவதில்லை, வேலையால் வருகிறது. சும்மா வந்து உட்கார்ந்திருப்பவர் எத்தனை முறை வந்தாலும் விருந்தாளிதான். கையில் ஒரு காரியம் கொடுக்கப்பட்டவர் ஒரே நாளில் வீட்டுக்காரராகிவிடுகிறார். இதற்கு மிகப் பெரிய சான்று சாமித்தோப்பு.

அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் (1809–1851) வாழ்ந்த காலத்துத் தென் திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட சாதியினர் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் தோள்சீலை போடக் கூடாது, பொதுக்கிணற்றில் நீரெடுக்கக் கூடாது. 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து மீண்டு வந்ததாகச் சொல்லப்படும் அவர், பிறகு சாமித்தோப்பில் தங்கினார். 1838இல் திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது. விடுதலையாகித் திரும்பியபின் அவர் செய்தவற்றில் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது துவையல் தவசு. அய்யாவழியின் நூலான அகிலத்திரட்டு சொல்லும் கணக்கில் 700 குடும்பங்கள் ஊரையும் சொத்தையும் விட்டு வாகைப்பதிக் கடற்கரைக்குப் போய்க் கூட்டாக வாழ்ந்தன. நாளைக்கு மூன்று வேளை கடலில் குளிப்பு, உடுத்ததைத் துவைத்து உடுத்துவது, ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு. அழுக்கர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் சமூகத்தின் சான்றிதழுக்காகக் காத்திருக்காமல் தங்கள் உடலையும் துணியையும் தாங்களே சுத்தம் செய்து காட்டினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கூடியிருந்த இடத்தில் உபதேசத்துக்கு ஒதுக்கிய நேரத்தைவிடத் துவைப்பதற்கும் சமைப்பதற்கும் ஒதுக்கிய நேரமே அதிகமாக இருந்திருக்கும்.

முத்திரிக்கிணறு அடுத்தது. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரில் குளிக்கவும் குடிக்கவும் செய்த ஏற்பாடு. அங்கே சமத்துவத்தைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. ஒருவர் இறைக்க மற்றவர் தலையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பதி எனப்படும் வழிபாட்டிடத்துக்குள் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் நுழைய வேண்டும் என்ற விதியும் அப்படியே. வெளியே எவனுக்கு அது மறுக்கப்பட்டதோ அவனுக்கு உள்ளே அது கட்டாயம். பள்ளியறையில் விக்கிரகத்துக்குப் பதில் கண்ணாடி. நிழல்தாங்கல் எனப்படும் ஊர் வழிபாட்டிடங்களில் ஊரார் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொட்டி, சேர்ந்து பொங்கி, எல்லாருமாகச் சாப்பிடுகிறார்கள். இவை ஒவ்வொன்றிலும் வந்தவன் கையாலும் உடம்பாலும் ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டியிருக்கிறது. கூட்டத்தை வடிவமைப்பது என்றால் என்ன என்று இன்று பாடம் எடுப்பவர்கள் ஒருநாள் சாமித்தோப்புக்கு வந்து பார்க்கலாம்.

இதற்கு நூறாண்டுக்குப் பிறகு, 1954இல், அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் பகையுள்ள இரு கூட்டத்தார் பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் சும்மா பழகினால் குறையாது என்று எழுதினார். அந்த இடத்தில் இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும். குறிக்கோள் ஒன்றாக இருக்க வேண்டும். அதை அடைய ஒருவருக்கொருவர் தேவைப்பட வேண்டும். மேலே உள்ள அதிகாரமோ வழக்கமோ அதற்குத் துணை நிற்க வேண்டும். சாமித்தோப்பில் முதல் மூன்றும் இருந்தன. நான்காவது அடியோடு இல்லை, அரசு எதிராகவே நின்றது. ஆல்போர்ட் கணக்குப்படி தோற்றிருக்க வேண்டிய கூடுகை அது. அரசின் துணை இல்லாத குறையை வைகுண்டர் விதிகளின் கண்டிப்பால் ஈடுகட்டினார் என்று நினைக்கிறேன்.

திருவிதாங்கூருக்கு அப்பால் கொச்சி நாட்டில், 1917 மே 29 அன்று, செறாயியில் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் நடத்திய மிஸ்ரபோஜனம் என்னும் கலப்பு விருந்தும் இந்த வழியில் வந்ததே. புலையர் சிறுவர்களோடு ஈழவர்கள் அமர்ந்து உண்டதற்காக அய்யப்பன் சொந்தச் சமூகத்தாலேயே விலக்கப்பட்டார். சேர்ந்து உண்பதற்கு விலை இருந்த காலம் அது. இன்று ஆகஸ்ட் 15க்கும் அண்ணா நினைவு நாளுக்கும் தமிழகக் கோயில்களில் அரசு சமபந்தி வைக்கிறது. அமைச்சரும் ஆட்சியரும் முதல் வரிசையில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள், படம் எடுக்கப்படுகிறது, இலை எடுக்கப்படுகிறது. நல்ல சாப்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பந்தியில் உட்கார்ந்த ஒருவர் பக்கத்து இலைக்காரரோடு அதன்பின் ஒரு வார்த்தை பேசினாரா என்று யாரும் பார்ப்பதில்லை. வடிவம் மட்டும் மிஞ்சி, விலையும் வேலையும் கழன்றுவிட்ட பந்தி அது.

1982ஐச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் கூடுகையைப் பற்றி எழுத முடியாது. அந்த ஆண்டு மார்ச் முதல் நாள், மண்டைக்காட்டுக் கொடை நடந்துகொண்டிருந்தபோது, இந்துக்களுக்கும் கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின, பிறகு கலவரம் கடற்கரை ஊர்களெங்கும் பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. குன்றக்குடி அடிகளார் அமைதிப் பணிக்காக வந்து இரு தரப்பு ஊர்களிலும் நடந்தார். ஊருக்கு ஊர் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமுமாக, ஒரே சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கி, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தாம் எல்லாரும். பழக்கம் இல்லாமலா போயிற்று?

இதற்கு ஒரு பதில் அசுதோஷ் வர்ஷ்ணேயின் ஆய்வில் கிடைக்கிறது. 2002இல் வெளியான தம் நூலில் அவர் அலிகரையும் கோழிக்கோட்டையும், இன்னும் இரண்டு நகர இணைகளையும் ஒப்பிட்டார். அன்றாடம் முகம் பார்த்துச் சிரிப்பது, பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புவது ஒரு வகைப் பழக்கம். வணிகர் சங்கம், தொழிற்சங்கம், படிப்பகம், கட்சி என்று அமைப்பாக ஒன்றுசேர்ந்து வேலை செய்வது இன்னொரு வகை. சிறு கிராமத்தில் முதல் வகையே அமைதிக்குப் போதுமாக இருக்கலாம், நகரத்தில் வதந்தி பரவும் இரவில் தாங்குவது இரண்டாவது வகைதான் என்பது அவர் கண்டது. குமரி மாவட்டம் இரண்டுக்கும் இடைப்பட்டது. நாகர்கோவிலிலிருந்து குளச்சல் வரை பஸ்ஸில் போனால் எங்கே ஊர் முடிந்து எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கிராமத்துப் பழக்கத்தை நம்பி நகர நெருக்கத்தில் வாழ்ந்தோம் என்பதே 1982 பற்றி என் எண்ணம். பலகாரத் தட்டுகள் போய் வந்துகொண்டிருந்தன, ஆனால் இரு தரப்பும் சேர்ந்து கணக்கு எழுதிய கமிட்டிகள் குறைவு.

விளையாட்டில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். மாத்யூ லோ என்ற பொருளியலாளர் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் லீக் நடத்தி, 2021இல் முடிவை வெளியிட்டார். வேறு சாதிக்காரர்களோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது. வேறு சாதிக்காரர்களை எதிரணியில் சந்தித்தவர்களிடம் விளைவு பெரும்பாலும் எதிர்மாறாக இருந்தது. ஈராக்கில் போரால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம்களைச் சேர்த்துப் பார்த்த சல்மா மூசாவின் 2020 ஆய்வு இன்னொரு உண்மையைச் சொல்கிறது. அணிக்குள் உறவு வளர்ந்தது, லீக் முடிந்து ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்ய வந்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசூலுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும் அளவுக்கு மனம் மாறவில்லை. ஒரு கூடுகையால் முடிவது இவ்வளவுதான் என்ற அடக்கம் நமக்கு வேண்டும். இங்கே தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறைக் கடற்கரைகளில் கால்பந்து உயிர்மூச்சு. உள்நாட்டு ஊர்களில் கிரிக்கெட்டும் கபடியும். கழகங்கள் பெரும்பாலும் ஓர் ஊரை, ஒரு தெருவை, ஒரு பங்கைச் சார்ந்தவை. ஊருக்கு எதிராக ஊர் என்று டோர்னமெண்ட் வைத்துவிட்டு "நல்லிணக்கக் கோப்பை" என்று பெயர் சூட்டினால் கைகலப்புதான் மிச்சம். சீட்டுக் குலுக்கி அணி பிரிக்கும் ஒரே ஒரு போட்டியை எந்தக் கழகமாவது நடத்திப் பார்க்கட்டும்.

வீட்டு விசேஷத்துக்கு வருவோம். நாஞ்சில் நாட்டில் கலியாணத்துக்கு முந்தின இரவு கறிக்காய் வெட்டு என்றொரு சடங்கு இருந்தது. சடங்கு என்று யாரும் அதைச் சொன்னதில்லை, வேலை என்றுதான் சொன்னார்கள். பந்தலில் பாய் விரித்து, பூசணியும் தடியங்காயும் சேனையும் வாழைக்காயும் முருங்கையும் குவித்திருக்கும். சாப்பிட்டுவிட்டு ஊரார் கத்தியும் அரிவாள்மணையுமாக வந்து உட்காருவார்கள். அவியலுக்கு விரல் நீளம், எரிசேரிக்குச் சதுரம், துவட்டலுக்குப் பொடி என்று சமையல்காரரான தவசிப்பிள்ளை வந்து அளவு காட்டிவிட்டுப் போவார். பிறகு நள்ளிரவு தாண்டியும் வெட்டு நடக்கும். நாலைந்து பேருக்கு ஒரு குவியல். கண் காய்மேல் இருப்பதால் வாய் சுதந்திரமாக இருக்கும். வயல் வரப்புத் தகராறு, பெண் பார்த்த கதை, செத்துப்போனவரின் வேடிக்கை எல்லாம் அங்கேதான் வெளிவரும். பேச்சு வார்த்தை நின்றுபோன பங்காளிகளைப் பெரியவர்கள் வேண்டுமென்றே ஒரே குவியலில் உட்காரவைத்த கதைகளைப் பழைய ஆட்கள் சொல்வார்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லாமல், சேனைக்கிழங்கை நீட்டச் சொல்வார்கள்.

பரிணாம உளவியலாளர் ராபின் டன்பாரும் கூட்டாளிகளும் 1995இல் ஓர் அவதானிப்பை வெளியிட்டார்கள். ஒரு பேச்சில் நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் அது தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஐந்தாவது ஆள் வந்ததும் யாரோ ஒருவர் கேட்பவராக மட்டும் ஆகிவிடுகிறார். கறிக்காய்க் குவியலின் அளவை நம் தவசிப்பிள்ளைமார் எந்த ஆய்வும் இல்லாமல் கண்டுவைத்திருந்தார்கள்.

இதைப் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. அந்தப் பாயில் உட்கார்ந்தவர்கள் ஒரே சாதிக்காரர்கள், பெரும்பாலும் ஆண்கள். வயலில் பாடுபட்டவர்களுக்குச் சோறு கடைசியில், பின்புறத்தில். தேங்காய் துருவியும் பாத்திரம் கழுவியும் அலுத்த பெண்களின் இரவைப் பற்றிக் கறிக்காய் வெட்டின் புகழ் பாடும் ஆண்கள் எழுதுவதில்லை. கொடை விழாக்களிலும் இதே சிக்கல்: தலைக்கட்டு வரி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை இருக்கும், அந்த வேலையே சாதிப்படி பிரிந்திருக்கும், முதல் மரியாதை யாருக்கு என்பதில் விழாவே நின்றுபோன ஊர்கள் உண்டு. வேலை நெருக்கத்தைத் தரும் என்றேன். யாரோடு சேர்ந்து வேலை என்பதை முடிவு செய்கிறவர்கள்தாம் அந்த நெருக்கத்தின் எல்லையையும் முடிவு செய்கிறார்கள்.

இன்றைய கலியாண மண்டபத்தில் அந்த எல்லை ஓரளவு உடைந்திருக்கிறது. எந்தச் சாதிக்காரரும் எந்த வரிசையிலும் உட்காரலாம், அது சிறிய முன்னேற்றம் அல்ல. ஆனால் வேலையைக் கேட்டரிங்காரர் எடுத்துக்கொண்டுவிட்டார். வந்தவர் மேடைக்கு வரிசையில் போய்ப் படத்துக்கு நின்று, சுருள் என்னும் மொய்ப்பணம் கொடுத்து, சாப்பிட இடம் பிடிக்க ஒருவரின் நாற்காலிக்குப் பின்னால் காத்து நின்று, பிரதமனோடு எழுந்து போகிறார். ஆயிரம் பேர் வந்த கலியாணத்தில் ஒருவரோடும் ஐந்து நிமிடம் பேசாமல் வீடு திரும்புவது இன்று சாதாரணம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள் ஒரே நாளில் மூன்று மண்டபம் ஏறி இறங்குகிறார்கள்.

பேச்சுக்காகவே கூடும் கூட்டங்கள் தனி வகை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டி தென்பாண்டிச் சீமையில் இதற்குப் பெயர்பெற்ற முன்னோடி. நாகர்கோவிலில் எழுபதுகளின் பிற்பகுதியில் சுந்தர ராமசாமி வீட்டில் காகங்கள் என்ற பெயரில் இலக்கிய நண்பர்கள் கூடினார்கள். பெயர் பெற்றவரும் அன்றைக்குத்தான் எழுதத் தொடங்கியவரும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒரே படைப்பைப் பற்றிப் பேசிய இடம் அது. ஜெயமோகனும் அவரது நண்பர்களும் ஊட்டி ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலத்தில் நடத்திவந்த முகாம்களின் விதிகள் கடுமையானவை: குடி கூடாது, தனிமனிதத் தாக்குதல் கூடாது, பாதியில் போகக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. இலக்கியவாதிகளுக்கு இவ்வளவு கட்டுப்பாடா என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலி செய்தவர்களின் கூட்டங்கள் எப்படி முடிந்தன என்பதும் தமிழ் இலக்கிய உலகுக்குத் தெரியும்.

கோட்டாறு மறைமாவட்டத்தின் அன்பியங்கள் இலக்கியத்துக்கு வெளியே இதே வேலையைச் செய்கின்றன. பங்கு முழுதையும் சிறு சிறு குடும்பக் குழுக்களாகப் பிரித்து, முறை வைத்து வீடுவீடாகக் கூடுகிறார்கள். வேதப் பகுதி ஒன்றை வாசித்துத் தன் வாழ்வில் அது தொடும் இடத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், பிறகு தெருவிளக்கு, குடிநீர், நோயாளி வீடு என்று ஊர்க் காரியம். கோயிலில் வாய் திறக்காத பெண்கள் இங்கே பேசக் கற்றார்கள். ஆர்தர் ஏரன் 1997இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், அறிமுகமில்லாத இருவர் 36 கேள்விகளை ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மேலோட்டமான கேள்வியில் தொடங்கிப் படிப்படியாக அந்தரங்கத்துக்குப் போகும் வரிசை அது. சுமார் முக்கால் மணி நேரத்தில் வெறும் அரட்டை அடித்தவர்களைவிட அவர்கள் நெருங்கியிருந்தார்கள். மனம்விட்டுப் பேசு என்று ஒருவரிடம் சொன்னால் வாய் அடைத்துக்கொள்ளும். படி கட்டிக் கொடுத்தால் இறங்குவார். அன்பியத்தின் முறையும் அதுவே, ஆனால் அது ஒரே மதத்தாருக்குள் நிற்கிறது.

தக்கலையில் இன்னொரு வழி இருக்கிறது. சூஃபிப் புலவர் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை ரஜப் பிறை பதினான்காம் இரவு பெருங்கூட்டமாக அமர்ந்து விடிய விடியப் பாடுகிறார்கள். கச்சேரியாக யாரோ பாட மற்றவர்கள் கேட்பதில்லை. குரல் நன்றாக இல்லாதவனும் சேர்ந்து பாடியாக வேண்டும். பிறகு நேர்ச்சைச் சோறு மதம் பாராமல் எல்லா வீட்டுக்கும் போகிறது. பாட்டுக்குள் எல்லாரும் வர முடியாதுதான், சோறு மட்டும் தாண்டிப் போகிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், நம்மிடம் நல்ல துண்டுகள் பல இருக்கின்றன, ஆனால் தனித்தனியாக. கறிக்காய் வெட்டில் வேலை இருந்தது, வேற்று ஆள் இல்லை. மண்டபத்தில் வேற்று ஆள் இருக்கிறார், வேலை இல்லை. அன்பியத்தில் பேச்சு இருக்கிறது, மதில் இருக்கிறது. முத்திரிக்கிணற்றில் வேலையும் வேற்று ஆளும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தன. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சமபந்திக்கு ஐந்நூறு பேரை அழைப்பதைவிட, அதைச் சமைக்க முப்பது பேரை அழைப்பது முக்கியம். அந்த முப்பது பேரும் மூன்று மதத்திலிருந்தும் பல தெருக்களிலிருந்தும் வர வேண்டும், நாலு நாலு பேராக உட்கார வேண்டும், யார் எந்தக் குவியலில் என்பதை அழைத்தவர் முடிவு செய்ய வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்தாமல் வருடம் இரண்டு முறையாவது அதே ஆட்கள் கூட வேண்டும். பெண்கள் பாயில் உட்கார வேண்டும், பாத்திரம் கழுவும் முறை ஆண்களுக்கு வர வேண்டும். செலவு அதிகமில்லை, மைக் செட்டுக்கு ஆகும் பணத்தில் பாதி போதும்.

கோயில் டிரஸ்டிகளும் ஜமாத்தாரும் பங்குப் பேரவைக்காரர்களும் தாங்கல் நிர்வாகிகளும் ஊர்வகைக் காரியஸ்தர்களும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த திருவிழாச் சாப்பாட்டுக்குக் கேட்டரிங்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போது, காய் வெட்டும் வேலையை மட்டும் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். அதற்குப் பக்கத்துத் தெருக்காரர்களைக் கூப்பிடுங்கள். சாப்பிடக் கூப்பிடுவது அடுத்தபடியாக இருக்கட்டும்.